உங்களுக்குத் தெரியுமா? காட்டேரி, ரோபோ, காமிக்ஸ்: கொங்கு ஸ்பெஷல்!

தோளில் பிணம், கையில் வாள், சுடுகாட்டு இருட்டில் விறுவிறுவென்று நடக்கும் விக்கிரமாதித்தன்! அம்புலிமாமாவில் அந்தப் படத்தை வரைந்த ஓவியர் சங்கர் எந்த ஊர்க்காரர் தெரியுமா? உடுமலை, தாராபுரம் பக்கத்துக் காரத்தொழுவு! முழுப்பெயர் கே.சி. சிவசங்கரன். அந்த ‘கே’ காரத்தொழுவேதான்! இந்தியாவின் மிகப் பிரபலமான வேதாளம் நம்ம ஊர்க்காரர் கையில் பிறந்ததுங்க!

அவர் பிறந்தது 1924. மறைந்தது 2020. வயது 96! வேதாளத்தோடு பழகியவருக்கு ஆயுசு கெட்டிதான். அடுத்த ஆண்டே, 2021இல், பத்மஸ்ரீ அறிவிப்பு வந்தது. பார்க்க அவர்தான் இல்லை.

அம்புலிமாமா முதல் இதழ் வெளிவந்தது 1947 ஜூலை. அதாவது நம்ம வேதாளத்தின் பத்திரிகை சுதந்திர இந்தியாவைவிட ஒரு மாதம் மூத்தது!

பழைய நூலில் வேதாளம் சொன்ன கதைகள் மொத்தமே 25. அம்புலிமாமாக்காரர்கள் அத்தோடு விட்டார்களா? விடவில்லை! 25 தீர்ந்ததும் புதிது புதிதாகக் கதை எழுதி வேதாளத்தின் வாயில் வைத்தார்கள். மன்னர் மௌனம் கலைப்பார், வேதாளம் மரம் ஏறும். அடுத்த மாதமும் அதே. அதற்கடுத்த மாதமும் அதே! வாசகர் ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை. பல்லாண்டு காலம் ஓடியது!

வேதாளக் கதைகளை 1870இல் ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ஆங்கிலேயர் தன் மொழிக்குக் கொண்டுபோனார். எடுத்தது 11 கதைகள். தலைப்பில் வேதாளத்தை ரத்தக்காட்டேரி ஆக்கிவிட்டார்! டிராகுலா நாவல் வந்தது 1897இல். நம்ம ஆள் 27 ஆண்டு சீனியர்!

இன்னும் கேளுங்கள். டிராகுலாவை எழுதிய பிராம் ஸ்டோக்கர் அந்தப் பர்ட்டனை நேரில் சந்தித்தவர்! பர்ட்டன் பேசும்போது மேல் உதடு விலகி, கோரைப்பல் முழு நீளத்துக்கும் கத்தியாய் மின்னியது என்று பின்னாளில் எழுதியே வைத்தார். டிராகுலாவின் பல் எங்கிருந்து வந்தது? நான் ஒன்றும் சொல்லவில்லை, நீங்களே யோசியுங்கள்!

இந்தியாவின் ஆரம்பகால அறிவியல் புனைகதைப் படங்களில் ஒன்று எங்கிருந்து வந்தது? பம்பாயா? இல்லை. சென்னையா? அதுவும் இல்லை. சேலம்! 1952இல் மாடர்ன் தியேட்டர்ஸ், ஹாலிவுட் கம்பெனியோடு கைகோத்து எடுத்த ‘காடு’. கதையில் வருவது அழிந்துபோன ரோம யானைக் கூட்டம். நிஜ யானைகளுக்கு ரோமத்தைப் போர்த்தி நடக்கவிட்டார்கள்! வெயிலில் அந்த யானைகள் என்ன பாடு பட்டிருக்கும்!

அந்தப் படத்தில் ராமா சிங் என்ற இந்தியராக நடித்தவர் சீசர் ரொமீரோ. யார் அவர்? 1966இல் தொலைக்காட்சி பேட்மேன் தொடரில் வந்த ஜோக்கர்! காமிக்ஸ் உலகின் பெரிய வில்லனாக மாறுவதற்கு 14 ஆண்டு முன்பே நம்ம சேலத்துக் கம்பெனி படத்தில் நடித்துவிட்டார்!

ஜோக்கருக்காக மீசையை எடுக்க மாட்டேன் என்று ரொமீரோ ஒரே பிடியாய் நின்றார். என்ன செய்தார்கள்? மீசை மேலேயே வெள்ளைச் சாயம் பூசினார்கள்! பழைய படங்களை உற்றுப் பாருங்கள், சாயத்துக்கு அடியில் மீசை தெரியும்!

அதே 1952இல் லண்டனில் ‘லயன்’ என்ற வார இதழ் தொடங்கியது. முதல் இதழிலேயே ஒரு ரோபோ. பெயர் ஆர்ச்சி! 32 ஆண்டு கழித்து சிவகாசியில் இன்னொரு ‘லயன்’ பிறந்தது. அங்கேயும் ஆர்ச்சி வந்து சேர்ந்தான்! நம்ம சிட்டி ரோபோ திரைக்கு வந்தது 2010. ஆர்ச்சி 58 ஆண்டு மூத்தவன்!

ஆர்ச்சிக்குத் தமிழ் வாசகர்கள் வைத்த செல்லப்பெயர் ‘சட்டித்தலையன்’! பெரிய பெரிய விமர்சகர்கள் பக்கம் பக்கமாய் எழுதியிருக்கலாம். இந்த ஒரு சொல்லுக்கு ஈடாகுமா?

ஆர்ச்சிக்குக் காலப்பயணம் செய்யவும் தெரியும். ஏறிப்போகும் வண்டி ராக்கெட் இல்லை, விமானம் இல்லை. ஒரு முழுக் கோட்டை! கோட்டையே கிளம்பி வேறொரு நூற்றாண்டில் போய் இறங்கும்! எப்படி என்று எந்தச் சிறுவனும் கேட்கவில்லை.

தமிழில் முத்து காமிக்ஸ் தொடங்கியது 1972, சிவகாசியில். முதல் இதழே அறிவியல் புனைகதை! நாயகன் இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும்! அந்தக் காலத்தில் இதைப் படித்துவிட்டு பிளக்கில் விரல் விட ஆசைப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பதில் வராது, சிரிப்புத்தான் வரும்!

மாயாவியின் சொந்த ஊர் லண்டன் ‘வேலியன்ட்’ இதழ், 1962. எழுதியவர் கென் பல்மர். அவர் எழுதிக் குவித்த நாவல்கள் 160க்கும் மேல்! படம் வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஹெசுஸ் பிளாஸ்கோ. ஸ்பெயின் கோடு, இங்கிலாந்துக் கதை, சிவகாசி அச்சு, கோவை வாசகர்!

160க்கே வாயைப் பிளந்தால் எப்படி? நம்ம கோவைக்காரர் ராஜேஷ்குமார் எழுதியது 1,500க்கும் மேல்!

மின்சாரம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு மின்சாரம் கொடுத்தது யார் தெரியுமா? காட்டேரி! குன்னூர் பக்கத்துக் காட்டேரி அருவிதாங்க, பயந்துவிடாதீர்கள்!

1984 ஜூலை தமிழ்ச் சிறுவர்களுக்கு ஜாக்பாட் மாதம். லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் இரண்டும் அதே மாதத்தில் பிறந்தன! ஒன்றில் சாகச நாயகி மாடஸ்டி, இன்னொன்றில் ஜேம்ஸ் பாண்ட். லயனின் ஆசிரியர் எஸ். விஜயனுக்கு அப்போது வயது 17! மற்ற பிள்ளைகள் காமிக்ஸ் வாங்கக் காசு கேட்டு அழுத வயது அது!

மாடஸ்டிக்குத் தமிழ் வாசகர்கள் தந்த பட்டம் ‘இளவரசி’. கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லருக்கு? ‘தல’! அஜித் ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம், இத்தாலியில் டெக்ஸ் பிறந்தது 1948!

வில்லனையே நாயகனாக்கித் தமிழ்ச் சிறுவர்கள் கொண்டாடியது தெரியுமா? பெயர் ஸ்பைடர்! கூரான காது, கூரான தலை, வலைத் துப்பாக்கி, ஏறிப் பறக்க ஹெலிகார். வாழ்க்கை லட்சியம்: உலகக் குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி ஆவது! வாசகர்கள் வைத்த பெயர் ‘கூர்மண்டையன்’. லாஜிக் எங்கே என்று ஒரு கூட்டம் இன்றைக்கும் கேட்கிறது. மறுபதிப்பு எங்கே என்று இன்னொரு கூட்டம் கேட்கிறது. இரண்டாவது கூட்டத்தின் சத்தம்தான் பெரிது!

அந்த ஸ்பைடருக்குக் கதை எழுதியவர்களில் ஒருவர் ஜெர்ரி சீகல். பெயர் புதிதாக இருக்கிறதா? சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர்! அமெரிக்காவே தலையில் வைத்து ஆடிய சூப்பர்மேனின் தகப்பன், நம்ம கூர்மண்டையனுக்கும் வசனம் எழுதினார்!

சூப்பர்மேன் உரிமையைச் சீகலும் நண்பர் ஷுஸ்டரும் விற்ற விலை 130 டாலர்! அந்தக் காசோலைத் துண்டு 2012இல் ஏலத்துக்கு வந்தது. போன விலை 1,60,000 டாலர்! காகிதத்துக்குக் கிடைத்த காசு கலைஞனுக்குக் கிடைக்கவில்லை பாருங்கள்.

காமிக்ஸ் புத்தகத்தில் வந்த முதல் ரத்தக்காட்டேரிக் கதைகளில் ஒன்று 1935 அக்டோபரில் வெளிவந்தது. எழுதியது யார்? அதே சீகல்! வரைந்தது? அதே ஷுஸ்டர்! சூப்பர்மேன் அச்சில் வருவதற்கு 3 ஆண்டு முன்பே இருவரும் காட்டேரி பிடித்துவிட்டார்கள்!

மாயாவி, ஆர்ச்சி, ஸ்பைடர் மூவரும் இப்போது யார் கையில்? ரெபெல்லியன் என்ற பிரிட்டிஷ் வீடியோ கேம் கம்பெனி! 2018இல் மொத்தப் பழைய களஞ்சியத்தையும் வாங்கிப் போட்டுவிட்டது. நம்ம அப்பாக்களின் நாயகர்கள் நம்ம பிள்ளைகளின் கேம் கம்பெனியில் குடியிருக்கிறார்கள்!

ஈரோடு என்றால் மஞ்சள் என்பீர்கள். காமிக்ஸ் ரசிகரைக் கேட்டுப் பாருங்கள், ஆகஸ்ட் என்பார்! 2005 முதல் நடக்கும் ஈரோடு புத்தகத் திருவிழாவை ஒட்டி, லயன்-முத்து வாசகர்கள் பல ஊர்களிலிருந்து வந்து கூடுவார்கள். ஆசிரியர் முன்னால் உட்கார்ந்திருப்பார். வாசகர் கேள்வி கேட்பார். எந்தத் தொடர் வேண்டும், எது வேண்டாம், எந்த அட்டைப்படம் சொதப்பல் எல்லாம் முகத்துக்கு நேரே! தலை நரைத்தவர்கள்தான் அதிகம் சத்தம் போடுவார்கள். நடுவில் வீட்டிலிருந்து போன் வந்தால் மட்டும் குரல் தானாகத் தாழும்!

இந்தக் கூட்டத்துக்காகவே ஒரு தலைப்பு: ‘ஈரோட்டில் இத்தாலி’! இத்தாலிய நாயகர்களைச் சேர்த்துக் கட்டிய சிறப்பிதழ். ரோம் இல்லை, மிலான் இல்லை, ஈரோடு!

அங்கே புழங்கும் பாஷையே தனி. பருத்த சிறப்பிதழ் என்றால் ‘குண்டு புக்’. கிராஃபிக் நாவல் என்றால் ‘கி.நா.’. கி.நா.வில் நாயகன் செத்துப்போய்விட்டால்? ‘அழுகாச்சி காவியம்’! பரிசு வாங்கிய ஐரோப்பியப் படைப்பையும் இந்த ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள்!

குண்டு புக் எவ்வளவு குண்டு? 2010இல் வந்த ‘இரத்தப் படலம்’ தொகுப்பில் 18 பாகங்கள் ஒரே புத்தகத்தில்! பக்கங்கள் 800க்கும் மேல்! படுத்துக்கொண்டு படித்தால் மூக்குக்கு ஆபத்து. வண்ணத்திலும் வேண்டும் என்று வாசகர்கள் ஆண்டுக்கணக்கில் நச்சரித்து, 2018இல் அதையும் வாங்கிவிட்டார்கள்!

தலைப்பில் ரத்தம் இருக்கிறதே, எத்தனை காட்டேரி வரும்? ஒன்றுகூட வராது! நினைவு இழந்த ஒருவன், உடம்பில் பச்சை குத்திய பதிமூன்று என்ற எண், அவ்வளவுதான்!

கொங்கு வாசகர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் டெக்ஸ் வில்லருக்கு இன்று அதிகம் கதை எழுதுபவர் மௌரோ போசெல்லி. அந்த மனுஷர் 2000இல் இன்னொரு தொடரையும் உருவாக்கினார். பெயர் ‘டாம்பையர்’. நாயகன் பாதி மனிதன், பாதி ரத்தக்காட்டேரி! தன் ரத்தத்தில் தோட்டாவைத் தோய்த்துச் சுட்டால்தான் காட்டேரி சாகும்! 2022இல் திரைப்படமாகவும் வந்துவிட்டது. பகலில் குதிரை, ராத்திரியில் காட்டேரி. போசெல்லிக்குத் தூக்கமே கிடையாதோ!

டெக்ஸ் கோஷ்டியும் டைலன் டாக் கோஷ்டியும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் வேடிக்கை பார்க்கலாம். டைலன் டாக் 1986இல் இத்தாலியில் பிறந்த பேய் பிடிக்கும் துப்பறிவாளர். தமிழுக்கும் வந்தார். “சூப்பர், இதுதான் வேணும்!” என்றது ஒரு கட்சி. “கடைசிப் பக்கம் வரை ஒண்ணும் புரியல” என்றது மறு கட்சி. என் ஓட்டு முதல் கட்சிக்கு! இத்தாலியில் 1990களில் மாதம் ஐந்து லட்சம் பிரதி வரை விற்ற ஆளுங்க!

டைலனின் கார் ஒரு பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில். நம்பர் பிளேட்டில் என்ன எண்? 666! வேறென்ன!

டைலனின் உதவியாளர் க்ரூச்சோ, அசல் ஹாலிவுட் நகைச்சுவை நடிகர் க்ரூச்சோ மார்க்ஸ் மாதிரியே இருப்பார். அமெரிக்காவில் வெளியிடும்போது வம்பு வருமே என்று பயந்தார்கள். பெயரை ஃபெலிக்ஸ் என்று மாற்றி, முகத்திலிருந்த மீசையையும் அழித்துவிட்டார்கள்! ரொமீரோ மீசையைக் காப்பாற்றினார், க்ரூச்சோ பறிகொடுத்தார்!

இன்னொரு காமிக்ஸ் நாயகன், ‘மர்ம மனிதன்’ மார்ட்டினின் கூட்டாளி ஜாவா யார்? நியாண்டர்தால் மனிதன்! பல்லாயிரம் ஆண்டு முன்பு பூண்டோடு அழிந்த இனத்து ஆள் நியூயார்க்கில் நடமாடுகிறான்! மார்ட்டினிடம் அழிந்துபோன ‘மூ’ கண்டத்துக் கதிர்த் துப்பாக்கி வேறு. மண்டை காயும் கதை என்று அலுத்துக்கொள்பவரும் உண்டு, மார்ட்டின் வராவிட்டால் சந்தாவே வேண்டாம் என்பவரும் உண்டு!

தோர்கல் படித்திருக்கிறீர்களா? பனி, படகு, வாள், வைக்கிங் வீரன். வரலாற்றுக் கதை என்று நினைத்துத்தான் எல்லோரும் உள்ளே போவார்கள். அப்புறம் தெரியும், நாயகன் விண்கலத்தில் வந்தவர்களின் குழந்தை!

அண்ணன்மார் கதை தெரியாத கொங்குக் கிராமம் உண்டா? அந்த அண்ணன்மார், பொன்னர் சங்கர், காமிக்ஸில் வந்தது தெரியுமா? செய்தவர் கனடாக்காரர்! மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் தங்கி, உடுக்கடித்துப் பாடிய கதையை முழுசாய்ப் பதிவுசெய்தார். பின்னாளில் அதை அனிமேஷன் தொடராக்கினார், காமிக்ஸும் ஆக்கினார். தொடரின் பகுதிகள் 26! கதையில் வரும் ராட்சதப் பன்றி கொம்பன் முன்னால் எந்த அமெரிக்க வில்லனும் நிற்க முடியாது. நான் பந்தயத்துக்குத் தயார்!

நம் பக்கத்துப் பாழடைந்த கட்டடங்களில் தொங்கும் ஒரு வௌவால் இனத்துக்கு வெள்ளைக்காரன் காட்டேரிப் பட்டம் கட்டினான். பாவம், அது தின்பது தவளை, எலி, பூச்சி! நிஜமாகவே ரத்தம் குடிக்கும் வௌவால்கள் உலகில் மொத்தம் 3 இனம். மூன்றும் அமெரிக்கக் கண்டங்களில்தான்! இங்கே ஒன்றுகூடக் கிடையாது, நிம்மதியாகத் தூங்குங்கள்!

1954 செப்டம்பர், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம். ஏழடி உயரம், இரும்புப் பல், இரண்டு பையன்களைத் தின்றுவிட்ட காட்டேரி கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது என்று ஒரு புரளி. கிளம்பியது படை! கத்தி, குச்சி, கல்லோடு நூற்றுக்கணக்கானோர் கல்லறைத் தோட்டத்துக்குள் புகுந்து தேடினார்கள். போலீஸ் வந்து கலைக்க வேண்டியதாயிற்று. படையினரின் வயது? 4 முதல் 14 வரை! எந்தப் பையனும் காணாமல் போகவே இல்லை!

பழி யார் மேல் விழுந்தது? காமிக்ஸ் மேல்! அப்படி ஒரு கதை வந்த காமிக்ஸ் புத்தகம் எதையும் அன்று யாரும் காட்டவில்லை. ஆனாலும் 1955இல் பிரிட்டன் திகில் காமிக்ஸுக்கு எதிராகச் சட்டமே போட்டுவிட்டது!

அடுத்த ஆண்டே, 1956இல், இந்தியாவும் கிட்டத்தட்ட அதே பெயரில் ஒரு சட்டம் போட்டது! இளைஞரைக் கெடுக்கும் படக்கதைகளுக்குத் தடை. பக்கத்து வீட்டுப் பாட்டி “பொம்மைப் புத்தகம் படிக்காதே கண்ணு” என்றபோது பின்னால் நாடாளுமன்றமே நின்றிருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை!

அமெரிக்காவில் 1954இல் காமிக்ஸ் கம்பெனிகளே கூடித் தங்களுக்குக் கட்டுப்பாடு விதித்துக்கொண்டன. ரத்தக்காட்டேரி வரக் கூடாது! நடைப்பிணம் கூடாது! ஓநாய் மனிதன் கூடாது! தடை தளர்ந்தது 1971இல். 17 ஆண்டு காட்டேரிகள் பட்டினி!

தடைக்காலத்தில் ஒரு எழுத்தாளர் மாட்டிக்கொண்டார். கதையில் ஓநாய் மனிதன் என்று அச்சிட்டிருக்கிறதே என்று தணிக்கைக்காரர் பாய்ந்தார். அது பேய் இல்லை ஐயா, எழுத்தாளரின் நிஜப் பெயரே மார்வ் உல்ஃப்மேன்! அப்படியானால் எழுதியவர் பெயர் என்று தெளிவாகப் போடுங்கள் என்று உத்தரவு வந்தது. அவருக்குப் போட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? அவர் எழுதிய கம்பெனியின் திகில் கதைகளில் எழுத்தாளர் பெயர் போடும் வழக்கம் இப்படித்தான் பிடித்தது!

அதே உல்ஃப்மேன்தான் பின்னால் மார்வெலில் டிராகுலா தொடரின் பெரும்பகுதியை எழுதினார்! 1972 முதல் 1979 வரை 70 இதழ்கள். எழுபதையும் வரைந்தவர் ஒரே ஆள், ஜீன் கோலன்! அந்தத் தொடரின் 10ஆம் இதழில் மரக்கத்தியோடு ஒரு கறுப்பினக் காட்டேரி வேட்டைக்காரர் எட்டிப் பார்த்தார். அவர்தான் பிளேடு! 1998இல் படமாகி மார்வெல் சினிமாவுக்கே கதவு திறந்தவர்!

தடை தளர்ந்த அதே 1971இல் ஸ்பைடர்மேனுக்கு எதிரில் வந்தார் மார்பியஸ். செத்துப் பிழைத்த காட்டேரி இல்லை, சோதனைச்சாலையில் உருவான காட்டேரி! தன் ரத்த நோய்க்கு வௌவாலை வைத்து மருந்து தேடிப்போய் இப்படி ஆனவர். அதற்கு முன் என்ன பரிசு வாங்கியிருந்தார் தெரியுமா? நோபல்!

தடையைத் தொடாமலே தடையைத் தாண்டியவள் வேம்பிரெல்லா, 1969! கறுப்பு வெள்ளையில் பெரிய சைஸ் பத்திரிகையாக வந்ததால் காமிக்ஸ் கட்டுப்பாடு செல்லாது! இவளோ பூமிக்காரியே இல்லை. டிராகுலான் என்ற கிரகத்துப் பெண். அங்கே ஆற்றில் தண்ணீர் ஓடாது, ரத்தம் ஓடும்! ஆறு வற்றியது, பூமிக்கு வந்துவிட்டாள். நொய்யலைப் பார்த்துப் பார்த்து நொந்த நமக்கு அந்த வருத்தம் புரியும்! 1983 வரை மொத்தம் 112 இதழ்கள்!

அறிவியல் புனைகதை எழுத்தாளர் ரே பிராட்பரியின் இரண்டு விண்வெளிக் கதைகளைச் சேர்த்து 1952இல் ஒரு கம்பெனி சொல்லாமல் கொள்ளாமல் காமிக்ஸ் போட்டுவிட்டது. பிராட்பரி வக்கீலை அனுப்பவில்லை. வாசகர் கடிதம் ஒன்று எழுதினார்! கதை அருமை, எனக்குச் சேரவேண்டிய 50 டாலரை அனுப்ப மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது என்று. பணம் வந்தது! பிறகு முறைப்படி அனுமதி வாங்கி அவர் கதைகளையே தொடர்ந்து போட்டார்கள். உலகத்திலேயே உருப்படியான வாசகர் கடிதம் என் கணக்கில் அதுதான்!

பிரிட்டனில் 1977 முதல் வரும் அறிவியல் புனைகதை வார இதழ் ‘2000 ஏ.டி.’. ஆசிரியர் பெயர் தார்க். ஊர்? திருவாதிரை நட்சத்திரத்தின் பக்கம்! பச்சைத் தோல் வேற்றுக்கிரகவாசி. வாசகர் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதுவது அவர்தான். சாப்பாடு தெர்மாகோல் டம்ளர்!

அந்த இதழில் 1987இல் வந்தவள் டர்ஹாம் ரெட். வேலை, விண்வெளியில் குற்றவாளிகளைப் பிடித்துப் பரிசுப் பணம் வாங்குவது. பசித்தால் குடிப்பது ரத்தம்! ராக்கெட், காட்டேரி இரண்டும் ஒரே டிக்கெட்டில்!

பேட்மேனும் காட்டேரி ஆனார், 1991இல்! எதிரில் நின்றவர் டிராகுலா. ஆனால் பேட்மேன் காட்டேரியோடு மோதியது அதுவே முதல் முறை இல்லை. பிறந்த ஆண்டான 1939லேயே ஒரு காட்டேரித் துறவியோடு மோதிவிட்டார்!

‘முப்பது நாள் இரவு’ என்று 2002இல் ஒரு காமிக்ஸ். அலாஸ்காவின் பாரோ நகரில் ஒரு மாதம் சூரியன் வராது. காட்டேரிகளுக்குக் கொண்டாட்டம்! கற்பனை என்கிறீர்களா? நிஜ பாரோவில் சூரியன் தலைகாட்டாத நாட்கள் சுமார் 65! காட்டேரிகள் பாதியிலேயே கிளம்பிவிட்டன போலிருக்கிறது!

2010இல் தொடங்கிய ‘அமெரிக்கக் காட்டேரி’ தொடரின் முதல் 5 இதழ்களில் கூட இருந்து எழுதியவர் ஸ்டீபன் கிங்! வெயிலில் நடந்தாலும் சாகாத காட்டேரி வேண்டும் என்றார்கள், படைத்துவிட்டார்கள். அது தாராபுரம் வெயிலையும் தாங்குமா என்பது தனிக் கேள்வி!

ஜப்பானில் 1983இல் பிறந்த காட்டேரி வேட்டைக்காரன் ‘டி’. நாவலாக வந்து மாங்கா காமிக்ஸாகவும் ஆனான். குதிரை ஓடும், ஆனால் அது இயந்திரக் குதிரை! அவனுடைய இடது உள்ளங்கையில் ஒரு முகம், அது பேசும், எரிச்சலூட்டும், காப்பாற்றவும் செய்யும்! கதை நடக்கும் ஆண்டு கி.பி. 12,090!

கடைசியாக, வாசகர் கருத்துக்கு எவ்வளவு பலம் தெரியுமா? 1988 செப்டம்பரில் பேட்மேனின் சீடன் ராபின் வெடிவிபத்தில் சிக்கினான். இவன் வாழலாமா, சாகலாமா என்று வாசகர்களையே கேட்டார்கள்! இரண்டு போன் நம்பர். ஒரு அழைப்புக்கு 50 சென்ட். அவகாசம் 36 மணி நேரம். பிழைக்கட்டும் என்று வந்த அழைப்புகள் 5,271. சாகட்டும் என்று வந்தவை 5,343! அடுத்த இதழில் ராபின் செத்துக் கிடந்தான். வித்தியாசம் வெறும் 72 ஓட்டு!